கழிவு போக மின்னல் மதுரன்

சங்குமலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அழகுமுத்து தம்முடைய ஐம்பத்தோரு வருட வாழ்க்கையில் எதையும் முழுசாக நம்பியதில்லை. நம்புவதற்கு முன்னால் தண்ணிக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ கழித்துவிடுவார். இதை அவருடைய குணம் என்று சொல்பவர்கள் உண்டு. அது அபாண்டம். இது அவருடைய உத்தியோகம். ராகலையில் பஸ் ஏறி, வளைவுகளை எண்ணி முடிப்பதற்குள் இறங்கி, பிறகு கால்மணி நேரம் மூச்சு வாங்க நடந்தால் வருகிற அந்தத் தோட்டத்தில், பெண்கள் பறித்து வரும் தேயிலைக் கொழுந்தை மடுவம் என்கிற கொட்டகையில் வைத்து நிறுப்பவர் அவர்தான். கொழுந்தில் மழைத் தண்ணி இருக்கும், அதற்கு இரண்டு. சாக்குக்கும் எடை உண்டு, அதற்கு ஒன்று. தராசு இருபத்தொன்று என்று காட்டும். அழகுமுத்துவின் வாய் பதினெட்டு என்று சொல்லும். இருபத்திரண்டு வருடத்தில் தராசும் அவர் வாயும் ஒரே எண்ணைச் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது.

மழையே எட்டிப் பார்க்காத மாசியிலும், பீலிக் குழாயில் தண்ணி நூலாக இழைகிற பங்குனியிலும் அந்த இரண்டு கிலோ தவறாமல் கழிந்துகொண்டிருந்தது. ஏன் என்று கேட்டால் "பழக்கம்" என்பார். அதற்கு மேல் கேட்டால் "ஆபீஸ் ஆர்டர்" என்பார். அதற்கும் மேலே கேட்கிற ஆள் தோட்டத்தில் ஒருவர்தான். நாகலெட்சுமி. அவர் அழகுமுத்துவின் மனைவி. அதே மலையில் கொழுந்து பறிப்பவர். தினமும் வரிசையில் நின்று, தாலி கட்டின கையிடமே மூன்று கிலோவைப் பறிகொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அதே கைக்குச் சோறு போடுகிறவர்.

"மொறமொறன்னு காஞ்சு கெடக்கு. இதுல எங்கங்க தண்ணி?"

"உள்ளுக்குள்ள இருக்கும்."

"உள்ளுக்குள்ள இருக்கிறதையும் கழிச்சிட்டா, அப்புறம் நான் எதைத்தாங்க பறிச்சேன்?"

"அடுத்த ஆள் வாங்க!" என்பார் அழகுமுத்து, முகத்தைத் தராசுப் பக்கம் திருப்பிக்கொண்டு.

உத்தியோகம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பெண் பார்க்கப் போனபோது தரகர் நாகலெட்சுமியைப் பற்றிச் சொன்னதில் கால்வாசியைக் கழித்தார். மீதியே மிகுதியாகத் தெரிந்ததால் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார். மகள் தனுஷிகா ஒன்பது பாடத்தில் எட்டுக்கு ஏ எடுத்துக்கொண்டு ஓடி வந்தபோது, "அதுல ஒண்ணு சித்திரம். அது போக ஏழு" என்று சொல்லிவிட்டு, மறுபக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வானொலியில் ஐம்பது மில்லிமீட்டர் மழை என்றால் நாற்பத்தேழுக்குத்தான் குடை எடுப்பார்.

இப்படிப்பட்டவரைத்தான் தோட்டத்து விளையாட்டுக் கழகம் செயலாளராகத் தேர்ந்தெடுத்தது. யாருக்கும் ஒரு கிராம் கூடக் கூட்டிக் கொடுக்காத மனிதர், அவருக்கு ஒரு நண்பரும் இல்லை, ஆகவே பாரபட்சம் வராது என்பது பொதுக்கூட்டத்தின் ஏகமனதான கருத்து.

கழகத்துக்கு ஒரு மைதானம் உண்டு. பழைய தேயிலை நாற்றுமேடையை மட்டமாக்கிய இடம் அது. மட்டமாக்க வந்தவர்கள் மத்தியானச் சோற்றுக்குப் போய்த் திரும்பி வரவில்லை போலும். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். பள்ளத்து ஓரக் கோட்டைத் தாண்டினால் ஐந்தாம் நம்பர் மலை சடாரென்று இறங்கும். பந்து அங்கே விழுந்தால் அடியிலுள்ள கான் வாய்க்கால் வரைக்கும் உருண்டுதான் நிற்கும். கடைசியாகத் தொட்டவன்தான் இறங்கி எடுத்து வர வேண்டும் என்பது கழகத்தின் சட்டம். போகும்போது இரண்டு காலோடு போகிறவன், வரும்போது இரண்டு காலும் ஏழெட்டு அட்டையுமாக வருவான். அதனால் அந்த ஓரத்தில் ஆட யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொண்ட ஒரே ஆள் மதுரன். பத்தொன்பது வயது. ராகலைச் சந்தையில் லீக்ஸும் கரட்டும் லொறியில் ஏற்றுகிற வேலை. எந்தப் பாதியானாலும், எந்தக் கோலைப் பார்த்து ஆடினாலும், பள்ளத்து ஓரம்தான் அவனுக்கு. பந்து கோட்டை நக்கிக்கொண்டே போகும், கோட்டைத் தாண்டாது. அட்டைக்குப் பயந்து வந்த வித்தை.

ஆனால் அவன் புகழ் பெற்றது இதனால் அல்ல.

சித்திரை கழிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்மேட்டுத் தோட்டத்து அணியோடு ஆட்டம். மதுரன் பள்ளத்து ஓரமாகப் பந்தை வாங்கினான், ஓடினான், ஒருவர், இருவர் என்று ஐந்து தடுப்பாட்டக்காரர்களைக் கடந்தான், கோல். தனுஷிகா அதைக் கைபேசியில் எடுத்து, பின்னால் ஒரு பாட்டைப் போட்டு ஏற்றினாள். இருபத்திரண்டு விநாடி. அந்த ஐந்து பேரும் காலில் ஆணி அடித்தது போல நின்று பார்க்கிறார்கள். மதுரன் அவர்களுக்கு நடுவில் கோயில் தூண்களைச் சுற்றுகிற மாதிரிப் போகிறான். ஒரே வாரத்தில் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

ராகலையில் துணிக்கடை வைத்திருக்கிற ராசிக் நானா தாம் மட்டுமே அதை நாற்பது தடவை பார்த்தார். பார்த்து முடித்ததும் கடை வாசலில் ஒரு பெனர் கட்டினார். 'மலையகத்தின் மின்னல் மதுரன்' என்று எழுதி, கீழே சிறிய எழுத்தில் சாரிகளுக்குக் கழிவு உண்டு என்றும் போட்டிருந்தார். கட்டாரில் வேலை செய்கிற ஒருவர் இவனை ஐரோப்பாவுக்கு அனுப்பாதது நாட்டுக்கே அவமானம் என்று எழுதினார். பட்டிப்பொலவிலிருந்து ஒருவர், ஸ்டேசனில் இருந்து புறப்படுகிற ரயிலோடு இவனை ஓடவிட்டால் இவன்தான் முந்துவான் என்று சவால் விட்டார்.

"அந்த ரயிலோட எங்க மாமியாரும் ஓடுவாங்க, கைல பையோட" என்றார் அழகுமுத்து, வீட்டில் சாயத்தண்ணி குடித்துக்கொண்டே.

"எங்கம்மாவ இழுக்காம உங்களுக்குத் தேத்தண்ணி எறங்காதா?" என்றார் நாகலெட்சுமி.

இதெல்லாம் வெறும் பேச்சாகவே போயிருக்கும். ஆனால் மூன்றாவது வாரம் நுவரெலியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாவட்டத்து இருபது வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தேர்வு. கழகத்துக்கு ஒருவரை மட்டும் அனுப்பலாம். 'இவரைத்தான் ஏன் அனுப்புகிறோம்' என்று செயலாளர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கூடவே வர வேண்டும். திங்கட்கிழமை காலை கடைசி. மதுரனுக்கு அடுத்த ஆடியில் இருபது முடிகிறது. இந்த வருடம் தவறினால் அவனுக்கு இனிமேல் லீக்ஸ்தான்.

அழகுமுத்து அந்தக் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். அவர் மனதில் இருந்த பெயர் கிஷாந்த். தோட்டத்தில் புல் வெட்டுகிற பையன். அணியில் கோலுக்கு முன்னால் நின்று கிடைத்த பந்தை உள்ளே தள்ளுகிறவன். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஒரு நாளும் பிந்தியதில்லை. அவனைப் பற்றி யாரும் வீடியோ போட்டதில்லை, பெனர் கட்டியதில்லை. ஆகவே கழிப்பதற்கும் அவனிடத்தில் ஒன்றும் இல்லை. அழகுமுத்துவுக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் அவரை உண்மையில் அரித்தது வேறு. அந்த இருபத்திரண்டு விநாடியின் இரகசியம் உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விரும்பியவர்கள் வந்து கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பார்கள். அன்றைக்கும் பறித்தார்கள். சரியாக நாலேகாலுக்கு, மைதானத்துக்கு மேலேயுள்ள மடுவத்தில் நின்று, அழகுமுத்து கொம்பை ஊதினார். கொம்பு என்றால் கொம்பு அல்ல; எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு லொறியிலிருந்து கழற்றிய, ரப்பர்க் குமிழை அமுக்கினால் அலறுகிற ஹோன். அது அலறினால் தோட்டத்தில் கை நின்றுவிட வேண்டும். கவ்வாத்து வெட்டுகிறவன் கத்தியைத் தாழ்த்துவான். புல் வெட்டுகிறவன் நிமிர்வான். கொழுந்து பறிக்கிற விரல் செடியிலேயே நிற்கும். கல்மேட்டுத் தோட்டத்திலும் இதே ஹோன், இதே வழக்கம். கல்மேட்டு அணியில் தடுத்து ஆடிய ஐந்து பேரும் தோட்டத்து வேலைக்காரர்கள். கொம்பு ஊதியது. ஐந்து பேரும் நின்றார்கள். மதுரன் போனான். தனுஷிகாவின் பாட்டு கொம்பை விழுங்கிவிட்டது.

மின்னல் என்று நாடே சொல்கிறது. மின்ன வைத்தது தம்முடைய ரப்பர்க் குமிழ் என்று அழகுமுத்துவுக்குத் தெரியும். இருபத்தொரு கிலோவில் பத்தொன்பது கிலோ தண்ணி.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் இதை மனைவியிடமும் மகளிடமும் போட்டு உடைத்தார். தனுஷிகா பாட்டில்லாத வீடியோவைத் தேடிப் பிடித்துப் போட்டாள். நடுவில் தெளிவாக, 'பேங்ங்ங்.'

"ஐயோ" என்றாள் தனுஷிகா. "அப்பா, இத வெளிய சொல்லிராதீங்க. என்னைய கிழிச்சிருவாங்க."

"கிழிக்கட்டும். பொய்ய எட போட்டு நான் கையெழுத்து போடமாட்டேன். இருபத்திரெண்டு வருசமா ஒரு கிராம் கூட்டிப் போட்டவன் இல்ல நான்."

நாகலெட்சுமி ரொட்டியைப் பிய்த்தபடியே சொன்னார்: "கூட்டிப் போட்டதில்லதான். கொறச்சுப் போட்டிருக்கீங்களே, அது நிறுவையா? மழையில்லாத நாள்லயும் தண்ணிக்குக் கழிக்கிற ஆளு நீங்க. உங்களுக்குக் கழிக்கத் தெரியுங்க. நிறுக்கத் தெரியாது. அந்தப் புள்ளகிட்ட எவ்வளவு தண்ணி, எவ்வளவு கொழுந்துன்னு நீங்க எங்க பாத்தீங்க?"

அழகுமுத்து சம்பலைத் தொட்டு ரொட்டியைச் சாப்பிட்டார். சம்பல் அன்றைக்கு வழக்கத்தைவிட உறைப்பாக இருந்தது. அதற்கும் கழிவு கிடைக்கவில்லை.

மறுநாள் காலை ராகலைக்குப் போய் ராசிக் நானாவின் கடையில் ஏறினார்.

"வாங்க முத்து! மின்னல்ட கடிதம் எழுதியாச்சா?"

"நானா, உங்க டவுன் டீம கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கெழம வாங்க. ஒரு ஆட்டம் பாக்கணும்."

ராசிக் நானாவின் முகம் மலர்ந்தது, பிறகு சந்தேகப்பட்டது. "என்னத்துக்கு? அந்தப் பொடியன் எங்கட ஆக்கள வெட்டி எறிஞ்சிருவானே. எங்கட நானாட மகன் அக்ரம்தான் அந்த ஓரத்தில நிக்கிற. பாவம், அவனுக்கு அடுத்த மாசம் கலியாணம் ஈக்கிது."

துணி மடித்துக்கொண்டிருந்த அக்ரம், "எனக்கொண்டும் ஆகாது" என்றான். தோள் இரண்டும் துணிக் கட்டு மாதிரி இருந்தன.

அழகுமுத்து அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கடையில் வளர்ந்தவன். கொம்புக்கு நின்று பழக்கமில்லாதவன். தராசுக்கு ஏற்ற படிக்கல்.

தம்முடைய திட்டத்தின் மறுபாதியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலேகாலுக்குக் கொம்பு ஊதப் போவதில்லை. ஆட்டம் முடிந்த பிறகுதான் நிறுவை. கொம்பில்லாத மதுரன் எத்தனை கிலோ என்று ஊரே பார்க்கட்டும்.

ஞாயிறு வெயில் காய்ந்தது. இரண்டு வாரமாக மழை இல்லை; மைதானத்தில் புழுதி. தோட்டமே வந்திருந்தது. ராசிக் நானா எதிரணியோடு வந்துவிட்டு மதுரனின் ரசிகர்களோடு போய் நின்றார். நாட்டில் அரசியல்வாதிகளே செய்கிற காரியம் என்பதால் யாரும் தவறாக எடுக்கவில்லை. அழகுமுத்து செயலாளர் நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தார்.

முதல் பாதியில் மதுரன் மின்னவில்லை. பந்து அவன் காலுக்கு வந்தபோதெல்லாம் அக்ரமும் கூடவே வந்தான். மதுரன் வலம் திரும்பினால் அக்ரமின் நெஞ்சு. இடம் திரும்பினால் பள்ளம். பந்தை ஒரு தடவைகூடப் பள்ளத்தில் விடவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு லட்சம் பேர் அதற்காக வீடியோ பார்க்கவில்லை. டவுன் அணியில் ரிஃகான் என்கிறவன் ஒரு கோல் போட்டான். ராசிக் நானா தம்முடைய அணி கோல் போட்டதற்குத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இரண்டாவது பாதி. மணி நாலேகால்.

அப்போது அழகுமுத்து ஒன்றைக் கண்டார். மதுரன் நின்ற இடத்திலிருந்து மேலே மடுவத்தை ஒரு தடவை பார்த்தான். கையை உயர்த்திப் பந்தைக் கேட்டான். பந்து வந்தது. தலையைக் குனிந்துகொண்டு, பாதையில் யாருமே இல்லை என்கிற நம்பிக்கையோடு, நேராக ஓடினான். நேராக அக்ரம் நின்றான். இருவரும் மோதிய சத்தம் கொழுந்து அரைக்கிற ஸ்டோர் வரைக்கும் கேட்டது. மதுரன் புழுதியில் மல்லாந்து கிடந்தான். கிடந்தபடியே மறுபடியும் மடுவத்தைத்தான் பார்த்தான், சொன்ன நேரத்துக்கு வராத பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி.

அழகுமுத்துவுக்கு ஏதோ உறைத்தது. என்னவென்று பிடிபடவில்லை.

ரசிகர்கள் மெல்லக் கழியத் தொடங்கினார்கள். "மின்னலுக்குக் கரண்டு கட்" என்றான் ஒருவன். கட்டாருக்கு நேரலையில் காட்டிக்கொண்டிருந்த பையன் கைபேசியைப் பைக்குள் போட்டான். அழகுமுத்து பக்கத்தில் நின்ற ராசிக் நானாவிடம், "பாத்தீங்களா நானா, இதுல பத்தொம்பது கிலோ..." என்று ஆரம்பித்தார்.

'பேங்ங்ங்!'

மடுவத்தில் கொழுந்துச் சாக்குகளோடு இருபத்தைந்து நிமிடமாகக் காத்துக் கிடந்த பெண்கள் பொறுமை இழந்திருந்தார்கள். கணக்கப்பிள்ளையைக் காணவில்லை, கணக்கப்பிள்ளையின் மனைவி இருந்தார். நாகலெட்சுமி எழுந்து போய், இருபத்திரண்டு வருடமாகத் தம்மை நிறுத்திக்கொண்டிருந்த அந்த ரப்பர்க் குமிழை இரண்டு கையாலும் பிடித்து, ஆசை தீர அமுக்கினார்.

மைதானத்தில் சங்குமலை அணியின் பத்துப் பேர் நின்றார்கள். கோல் காப்பவன் கையைத் தாழ்த்தினான். கிஷாந்த், எதிரணிக் கோலுக்கு முன்னால் ஆளில்லாத இடத்தில் நின்றவன், இடுப்பில் இல்லாத கத்தியைத் தேடித் தடவினான். அழகுமுத்துவின் வாயும் 'கிலோ'வில் நின்றுவிட்டது. கொம்பை எப்போதும் ஊதுகிற பக்கத்திலிருந்தே கேட்டவர் அவர். கேட்கிற பக்கத்திலிருந்து கேட்டால் முழங்காலில் என்ன நடக்கும் என்று ஐம்பத்தோராவது வயதில்தான் தெரிந்தது. டவுன் ஆட்கள் கொம்புக்கு நிற்கிறவர்கள் அல்ல. ஆனால் எதிரே பத்துப் பேர் திடீரென்று சிலையானதைப் பார்த்துவிட்டு, ஆட்டம் முடிந்ததோ, யாராவது செத்துவிட்டார்களோ என்று அவர்களும் நின்றார்கள். அக்ரம் தொப்பியைச் சரிசெய்தபடி மேலே பார்த்தான்.

ஒரே ஒருவன் நிற்கவில்லை.

காலில் பந்தோடு மதுரன் அக்ரமைத் தாண்டினான். இன்னொருவனைத் தாண்டினான். கோட்டோரமாகக் கடைசி வரை போய், தலையைத் தூக்கிப் பார்த்து, தாம்பாளத்தில் வெற்றிலை வைத்து நீட்டுகிற மாதிரிப் பந்தைக் கோலுக்கு முன்னால் கிஷாந்தின் காலடிக்கு அனுப்பினான். கிஷாந்த் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தான். பந்து அவன் காலுக்கு ஒரு சாண் முன்னால் போய், வெறும் கோலைத் தாண்டி, எதிர்ப் பக்க மேட்டில் முட்டி, சரிவில் மெதுவாகத் திரும்பி உருண்டு, மைதானம் முழுவதையும் கடந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கப் பள்ளத்தில் விழுந்தது.

கடைசியாகத் தொட்டவன் மதுரன். சட்டம் சட்டம்தான். அவன் இறங்கிப் போனான்.

ஆட்டம் அத்தோடு முடிந்தது. சங்குமலை ஒன்றுக்குப் பூஜ்யம் தோல்வி. கிஷாந்த் அழாத குறையாக நாற்காலியிடம் வந்தான். "மன்னிச்சிருங்க ஐயா. கொம்பு கேட்டதும் காலு தானா நின்னுருச்சுங்க. பந்து வர்றது கண்ணுக்குத் தெரியுது. காலு கேக்கல."

"தெரியும்பா" என்றார் அழகுமுத்து. "என் வாயே நின்னுருச்சு."

பள்ளத்து ஓரத்தில் போய் நின்றார். பந்தை அக்குளில் வைத்துக்கொண்டு மதுரன் ஏறி வந்தான். உட்கார்ந்து, காலிலிருந்து அட்டைகளைப் பிய்க்கத் தொடங்கினான்.

"டேய், உனக்குக் கொம்பு கேக்கவே இல்லையா?"

"கேட்டுச்சுங்க ஐயா."

"அப்ப ஏன் நிக்கல?"

மதுரன் ஓர் அட்டையைச் சுண்டிவிட்டான். "எங்கம்மாவும் கொழுந்து பறிக்கிறவங்கதானே. சின்னதுல இருந்து பாக்கிறேன். நாலேகாலுக்குக் கொம்பு, அம்புட்டுப் பேரும் நிப்பாங்க. அன்னைக்குக் கல்மேட்டு ஆளுங்களும் நிப்பாங்கன்னு தெரியும். அதான் நாலு பதினாலுக்குப் பந்தைக் கேட்டேன்."

அழகுமுத்து அப்படியே அவன் பக்கத்தில் புல்லில் குந்தினார். "காத்துக்கிட்டு இருந்தியாடா?"

"ஆமாங்க. இன்னைக்கும் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க ஊதல. அந்த அக்ரம் மேல போயி விழுந்தேன். நெஞ்சு இன்னும் வலிக்குது. ஐயா இப்படி நேரம் தவறுவீங்கன்னு நெனைக்கவே இல்ல." குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"சரிடா. நுவரெலியாவுல ஏது கொம்பு? அங்க எவன் நிப்பான்?"

மதுரன் யோசிக்கக்கூட இல்லை. "அங்கயும் எதுக்காச்சும் நிப்பாங்க ஐயா. எல்லாருமே எதுக்காச்சும் நிக்கிறவங்கதான். எதுக்குன்னு ரெண்டு ஆட்டம் பாத்தா தெரிஞ்சிரும்."

அழகுமுத்து அவனை மனதுக்குள் தராசில் ஏற்றினார். ரசிகர்கள் சொன்ன மின்னல் இந்தப் பயலிடம் இல்லை. கால் சுமார்தான், லொறியில் லீக்ஸ் ஏற்றுகிற கால். ஆனால் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் பார்த்தும் ஒருவர் கண்ணிலும் படாத ஒன்று இருந்தது. தோட்டமே நிற்கிற நிமிடத்தில், இவன் மட்டும் நிற்பவர்களை எண்ணிக்கொண்டிருந்தான். ரசிகர்கள் தப்பான சாக்கைக் கட்டிப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கொழுந்து பக்கத்துச் சாக்கில் கிடந்தது.

மேலே மடுவத்துக்கு ஏறினார். வரிசை காத்திருந்தது. அதையும் காக்க வைத்துவிட்டு, தராசு மேசையில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினார்.

'எங்கள் கழகத்திலிருந்து மதுரன் என்பவரை அனுப்புகிறோம். ரசிகர்கள் இவரை மின்னல் என்கிறார்கள்; அது தண்ணி. ஐந்து பேரை வெட்டி ஓடினார் என்பதும் தண்ணி. அந்த ஐவரும் நின்றுகொண்டிருந்தார்கள். மற்றவர்கள் எப்போது நிற்பார்கள் என்று முன்கூட்டியே பார்த்து வைத்திருந்து, அந்த நேரத்தில் ஓடுகிறவர் இவர். கோட்டோரத்தில் பந்தை வெளியே விடமாட்டார்; எங்கள் மைதானத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். இவர் பந்து அனுப்பும்போது வாங்குவதற்கு ஓர் ஆளை நிறுத்தி வைக்கவும். கழிவு போக இவ்வளவும் கொழுந்து.'

கையெழுத்துப் போட்டார். கிஷாந்தைக் கூப்பிட்டு, தபாலை நம்பாமல், விடியற்காலை முதல் பஸ்ஸில் மதுரனோடு நீயும் போய்க் கையில் கொடுத்துவிட்டு வா என்றார். நேரத்துக்குப் போய்ச் சேருவது என்றால் அவனை விட்டால் ஆளில்லை.

பிறகு நிறுவை தொடங்கியது. முதலில் நின்றவர் நாகலெட்சுமி. சாக்கு தராசில் ஏறியது. இருபத்தொன்று.

அழகுமுத்து வாயைத் திறந்தார். பதினெட்டு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கையைச் சாக்குக்குள் விட்டு ஒரு பிடி கொழுந்தை அள்ளிப் பார்த்தார். இரண்டு வாரத்து வெயில். விரலுக்கு ஈரம் ஒட்டவில்லை. நாளைக்கு மேலதிகாரி கண்டாக்கு ஐயா கேள்வி கேட்பார். கேட்கட்டும், கொழுந்தைத் தொட்டுப் பாருங்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"சாக்குக்கு ஒண்ணு" என்றார். "இருபது."

வரிசையில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாகலெட்சுமி குனிந்து தராசின் அடியைப் பார்த்தார். பிறகு மேலே கொக்கியைப் பார்த்தார். கடைசியாகப் புருஷனின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"தராசு கெட்டுப் போயிருக்கு போல" என்றார். "இன்னொருக்கா நிறுங்க."